முதல் கணிப்பொறிக்கு எந்த எஸ்.எஸ்.டி.?

நம் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்துள்ள தம்பி தங்கையரிற் பலர் விளையாட்டுக்கென்று ஒரு கணிப்பொறியைத் தாமே பொருத்திக்கொள்ள விரும்புகின்றனர். நல்ல விருப்பமே. ஆனால் அவர்கள் கையில் இருப்பது, விடுமுறையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிச் சேர்த்தது, உதவித்தொகையில் மிச்சம் பிடித்தது, ஊரிலிருந்து வீட்டார் அனுப்பியது ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரே தொகை. அந்தத் தொகைக்குள் பிராசசரும் மதர்போர்டும் ராமும் கிராஃபிக்ஸ் கார்டும் பவர் சப்ளையும் மானிட்டரும் அடங்கியாக வேண்டும். எஸ்.எஸ்.டி.க்கு வேண்டாமல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து பறித்த ரூபாயே ஆகும். திரையில் நொடிக்கு எத்தனை படங்கள் ஓடும் என்பதைத் தீர்மானிப்பவை கிராஃபிக்ஸ் கார்டும் பிராசசருமே. எஸ்.எஸ்.டி. அதில் பெரும்பாலும் தலையிடுவதே இல்லை. அப்படியிருந்தும் கடையில் நமக்கு முதலில் காட்டப்படுவது, அதன் பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிட்ட வேகந்தான்.

"அண்ணா, இதில் 7,000 எம்பி என்று போட்டிருக்கிறதே, அதில் 3,500 தானே? அப்படியானால் இதில் விளையாட்டு இரு மடங்கு விரைவாகத் திறக்குமா?" என்று சென்ற வாரம் முதலாண்டுத் தம்பி ஒருவர் கேட்டார். திறக்காது. ஏன் திறக்காது என்பதை அறிந்துகொண்டால், பணத்தை எதற்குக் கொடுப்பது, எதற்குக் கொடாமல் விடுவது என்பது தானே விளங்கும்.

'சாலிட் ஸ்டேட் டிரைவ்' என்பதைத் திண்மநிலைச் சேமிப்பகம் என்று தமிழில் சொல்லலாம். ஆயினும் விடுதியில் எல்லார் வாயிலும் வழங்குவது எஸ்.எஸ்.டி. என்பதே. ஆதலின் அதையே ஈண்டு மேற்கொள்கிறேன்.

பழைய ஹார்ட் டிஸ்க் ஒரு சுழலும் பொறி. அதனுள் இருக்கும் தட்டு நிமிடத்திற்கு 7,200 முறை, அஃதாவது நொடிக்கு 120 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி ஆகும். நமக்கு வேண்டிய செய்தி தட்டின் எப்பக்கத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாதாகையால், சராசரியாக அரைச் சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும், அது 4.2 மில்லிநொடி. படிக்கும் முள் சரியான தடத்திற்கு நகர இன்னும் எட்டொன்பது மில்லிநொடி. ஆக, ஒரு சிறு துண்டைத் தேடி எடுக்க ஏறத்தாழ 13 மில்லிநொடி. நொடிக்கு எண்பது துண்டுகளுக்கு மேல் எடுக்க அதனால் இயலாது. விளையாட்டோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கேட்கிறது. பழைய கணிப்பொறிகள் திறக்கும்பொழுது 'கடகட'வென்று ஒலித்தது இந்த முள் அலைந்த ஒலிதான்.

எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. டோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா என்ற ஜப்பானிய அறிஞர் 1984ஆம் ஆண்டில் ஃபிளாஷ் நினைவகத்தை உலகுக்கு அறிவித்தார். இன்று எஸ்.எஸ்.டி.களில் பயன்படும் 'நாண்ட்' என்னும் வகை 1987இல் வந்தது. இதற்கு அடிப்படையான மிதவை வாயில் டிரான்சிஸ்டரை, பெல் ஆய்வகத்தில் டாவோன் காங், சைமன் ஸீ ஆகிய இருவரும் 1967லேயே விளக்கியிருந்தனர். அதன் கருத்து எளியது. மின்கடத்தாப் பொருளால் சூழப்பட்ட ஒரு சிற்றறைக்குள் எலெக்ட்ரான்களை அடைத்துவிட்டால், மின்சாரம் நின்ற பிறகும் அவை வெளியேற வழியின்றி அங்கேயே இருக்கும். அறையில் மின்னூட்டம் உண்டா இல்லையா என்பதே ஒரு செய்தி. சுவருக்குள் அவற்றை எவ்வாறு புகுத்துவது? இயற்பியல் மாணவர்கள் இதற்குள் விடையைச் சொல்லியிருப்பார்கள்: குவாண்டம் ஊடுருவல். ஃபௌலரும் நார்ட்ஹைமும் 1928இல் உலோகப் பரப்பிலிருந்து எலெக்ட்ரான் வெளிப்படுவதற்கு எழுதிய சமன்பாடுதான் நம் பையிலிருக்கும் பென்டிரைவிலும் வேலை செய்கிறது. தேர்வுக்காக உருப்போட்டது இப்படியும் பயன்படுகிறது!

இவ்வாறு நகரும் உறுப்பு இல்லாமையால், ஒரு துண்டைத் தேடி எடுக்க எஸ்.எஸ்.டி.க்கு ஒரு மில்லிநொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆவதில்லை. ஹார்ட் டிஸ்கை விட்டு எந்த எஸ்.எஸ்.டி.க்கு மாறினாலும், மிக மலிவானதற்கு மாறினாலும், நூறு மடங்குக்கு மேற்பட்ட இந்தப் பாய்ச்சல் கிடைத்துவிடுகிறது. பெரிய வேறுபாடு இங்கேதான். இதற்கு மேல் உள்ளவை யாவும் சிறிய வேறுபாடுகள்.

அந்தச் சிறிய வேறுபாடுகளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கேபிளில் இணைக்கும் சாட்டா வகை நொடிக்கு ஏறத்தாழ 550 எம்பி படிக்கும். அந்த இணைப்பின் எல்லையே 600தான். மதர்போர்டில் நேராகச் செருகும் என்விஎம்இ வகையில், மூன்றாம் தலைமுறை 3,500 வரையும், நான்காம் தலைமுறை 7,000க்குச் சற்று மேலும், ஐந்தாம் தலைமுறை 14,000 வரையும் போகும். எண்களைப் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு விளையாட்டைத் திறக்கும்பொழுது நடப்பது வெறும் படிப்பு மட்டுமன்று. படித்ததைப் பிராசசர் சுருக்கம் பிரிக்க வேண்டும். உலகத்தையும் பாத்திரங்களையும் அடுக்க வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டுக்கு அனுப்ப வேண்டும். ஒரு விளையாட்டு 6,000 எம்பி படிக்கிறது, மற்ற வேலைகளுக்குப் பத்து நொடி ஆகிறது என்று கொள்வோம். நொடிக்கு 150 எம்பி தரும் ஹார்ட் டிஸ்கில் 40ம் 10ம் சேர்ந்து 50 நொடி. உண்மையில் முள் அலைவதால் இன்னும் கூடும். சாட்டாவில் 21 நொடி. மூன்றாம் தலைமுறையில் 11.7 நொடி. நான்காம் தலைமுறையில் 10.9 நொடி. கடைசி இரண்டுக்கும் இடையே முக்கால் நொடிதான் வேறுபாடு! ஒரு வேலையின் ஒரு பகுதியை மட்டும் எவ்வளவு விரைவாக்கினாலும், விரைவாகாத பகுதி நம்மைத் தடுத்து நிறுத்திவிடும். பல பிராசசர்களைச் சேர்த்து இயக்குவது பற்றி ஜீன் அம்டால் 1967இல் சொன்ன கணக்கு இதுவே. கடைத்தெருவிலும் அது பொருந்துகிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5, நொடிக்கு 5.5 ஜிபி படிக்கும் எஸ்.எஸ்.டி.யோடு வந்தது. விண்டோஸிலும் டைரக்ட்ஸ்டோரேஜ் என்ற ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் 2022இல் விளையாட்டு ஆக்குவோர்க்கு வழங்கியது. சுருக்கம் பிரிக்கும் சுமையைக் கிராஃபிக்ஸ் கார்டின்மேல் ஏற்றும் வசதியும் பின்னர் அதிற் சேர்ந்தது. வருங்காலத்தில் விரைவான எஸ்.எஸ்.டி. தேவைப்படாதா என்று கேட்பவர் கேட்கட்டும். ஆனால் விளையாட்டை விற்பவர் எல்லாரிடமும் விற்க விரும்புகிறார் அன்றோ? ஸ்டார்ஃபீல்டு, பால்டர்ஸ் கேட் 3 ஆகிய 2023ஆம் ஆண்டு விளையாட்டுகளின் தேவைப் பட்டியலைப் பாருங்கள். எஸ்.எஸ்.டி. கட்டாயம் என்று இருக்கிறது. எத்தனை எம்பி வேகம் என்று ஒரு சொல்லும் இல்லை. ஆகவே ஹார்ட் டிஸ்கில் காலத்தை ஓட்டலாம் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். ஐந்தாம் தலைமுறை வேண்டும் என்ற எண்ணத்தையும் அதனோடு விட்டுவிடலாம். ஐந்தாம் தலைமுறை வேகமாகச் சூடேறுவது; அதற்கு நல்ல வெப்பத்தகடு வேண்டும். தில்லியின் மே மாதத்தில் குளிர்சாதனம் இல்லாத விடுதி அறையில் அது நமக்கு வேண்டாத தொல்லை.

வேகத்தில் மிச்சம் பிடித்ததை எங்கே போடுவது? கொள்ளளவில் போட வேண்டும் என்பதே என் துணிபு.

500 ஜிபி என்று பெட்டியில் எழுதியதை விண்டோஸ் 465 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டா. ஆக்குவோர் ஆயிரத்தால் பெருக்கிக்கொண்டு போகிறார்கள். விண்டோஸ் 1,024ஆல் வகுத்துக்கொண்டு வருகிறது. அவ்வளவே. இதே கணக்கில் 1 டிபி என்பது 931 ஆகும். இப்பொழுது 465இல் விண்டோஸுக்கும் அன்றாடக் கருவிகளுக்கும் அறுபது எழுபது போய்விடும். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கேட்பது 150. பால்டர்ஸ் கேட் 3 கேட்பது 150. கவுன்டர் ஸ்ட்ரைக் 2 கேட்பது 85. மூன்றே விளையாட்டுகள், இடம் தீர்ந்துவிட்டது. எஸ்.எஸ்.டி.யை விளிம்புவரை நிரப்புவதும் நன்றன்று. ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருந்தால்தான் அது தன் இயல்பான வேகத்தில் எழுதும். ஆய்வுக்கூடத் தரவும் ஊர்ப் படங்களும் வேறு இருக்கின்றனவே! பின்னர் என்ன நடக்கும்? ஒன்றை அழித்து இன்னொன்றை இறக்க வேண்டும். விடுதியில் நமக்கு நொடிக்கு 100 மெகாபிட் இணைப்புக் கிடைத்தாலும் அது 12.5 எம்பிதான். 100 ஜிபி விளையாட்டை மீண்டும் இறக்க இரண்டேகால் மணி நேரம் ஆகும். முக்கால் நொடியை மிச்சப்படுத்தும் வேகத்தை வாங்கிவிட்டு, இரண்டேகால் மணி நேரத்தை இழப்பது என்ன கணக்கு?

ஆகவே முதல் கணிப்பொறிக்கு 1 டிபி வாங்குவது நன்று. பெரும்பாலும் ஜிபி ஒன்றுக்கு ஆகும் விலையும் அதில் குறைவாகவே இருக்கும். கணக்குக்காக மட்டும் ஓர் எடுத்துக்காட்டு: 500 ஜிபி 4,500 ரூபாய், 1 டிபி 7,500 ரூபாய் என்று கொண்டால், முன்னது ஜிபிக்கு ஒன்பது ரூபாய், பின்னது ஏழரை ரூபாய். கடையில் கேட்ட விலையைக் கைப்பேசியிலேயே இவ்வாறு வகுத்துப் பாருங்கள். 1 டிபிக்குப் பணம் எட்டவில்லையென்றால் 500 ஜிபியோடு தொடங்கலாம். ஆனால் அப்பொழுது மதர்போர்டில் எம்.2 துளை இரண்டு உள்ளதைத் தேர்ந்துகொள்ள வேண்டும். மலிவான போர்டுகள் பலவற்றில் ஒன்றே இருக்கும். இருப்பினும் சாட்டா இணைப்புகள் இருப்பதால், பின்னாளில் ஒரு சாட்டா எஸ்.எஸ்.டி. சேர்க்க வழியுண்டு. 120 ஜிபியில் விண்டோஸை மட்டும் வைத்து, விளையாட்டுகளை ஹார்ட் டிஸ்கில் வைப்பது பத்தாண்டுகளுக்கு முன் நல்ல யோசனையாக இருந்தது. மூத்தவர்கள் சிலர் இன்னும் அதையே சொல்கிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது.

அடுத்து, டி.எல்.சி., கியூ.எல்.சி. என்ற இரு சொற்களைக் கேட்பீர்கள். ஒரு செம்பில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்தால் இரண்டே நிலைகள். கால், அரை, முக்கால் என்று பிரித்துப் பார்த்தால் ஒரே செம்பு அதிகச் செய்தி சொல்லும். டி.எல்.சி.யில் ஓர் அறைக்குள் எட்டு நிலைகள். அதனால் மூன்று பிட்டுகள். கியூ.எல்.சி.யில் பதினாறு நிலைகள், நான்கு பிட்டுகள். அதே சில்லில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அடைப்பதால் கியூ.எல்.சி. மலிவாகிறது. ஆனால் பதினாறு நிலைகளையும் தவறின்றி அளந்து ஊற்ற நேரம் ஆகும். அறைச் சுவரும் விரைவில் தேயும்.

தேய்மானத்தைச் சொல்லியே பலர் அச்சுறுத்துகிறார்கள். கணக்குப் போட்டால் அச்சம் தீரும். குரூசியல் பி3 என்ற கியூ.எல்.சி. வகையில் 1 டிபிக்கு 220 டிபி எழுதும்வரை உறுதி தந்தார்கள். டி.எல்.சி. வகையான வெஸ்டர்ன் டிஜிட்டல் புளூ எஸ்என்580இல் அதே அளவுக்கு 600 டிபி. நாள்தோறும் 30 ஜிபி எழுதினாலும் முன்னதற்கு இருபது ஆண்டு, பின்னதற்கு ஐம்பத்துநான்கு ஆண்டு ஆகும். அதற்குள் நம்மில் பலர் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருப்போம். விளையாட்டு என்பது பெரும்பாலும் படிப்பு, எழுத்து அன்று.

கியூ.எல்.சி.யின் உண்மையான குறை வேறு. எழுதுவதை முதலில் வாங்கி வைக்க, தன் அறைகளிற் சிலவற்றை ஒரு பிட் முறையில் திண்ணைபோல் வைத்திருக்கும். திண்ணை நிரம்பியபின் எழுதும் வேகம் விழுந்துவிடும். சிலவற்றில் நொடிக்கு 100 எம்பி அளவுக்கு, ஹார்ட் டிஸ்கைவிடக் கீழாக இறங்கிவிடும். எஸ்.எஸ்.டி. நிரம்ப நிரம்பத் திண்ணையும் சுருங்கும். ஆயினும் நொடிக்கு 12.5 எம்பி வேகத்தில் இணையத்திலிருந்து இறக்குபவருக்கு இது தெரியவே தெரியாது. பக்கத்து அறை நண்பரிடமிருந்து இருநூறு ஜிபியை நேரே படியெடுப்பவருக்கும், காணொளி தொகுப்பவருக்கும் தெரியும். ஆகையால் கியூ.எல்.சி. தீண்டத்தகாதது அன்று. விலையில் நூறு இருநூறு வேறுபாடுதான் என்றால் டி.எல்.சி.யை எடுங்கள், வேறுபாடு ஆயிரத்துக்கு மேல் என்றால், விளையாட்டுக்கு மட்டும் என்று இருப்பவர் கியூ.எல்.சி.யைத் தயங்காமல் எடுக்கலாம்.

'டிராம் இல்லாதது' என்று ஒரு குறையும் சொல்வார்கள். எந்தச் செய்தி எந்த அறையில் என்ற அட்டவணையை வைத்துக்கொள்ள, உயர்ந்த எஸ்.எஸ்.டி.கள் தனி டிராம் சில்லு வைத்திருக்கும். மலிவான என்விஎம்இ வகைகள் நம் கணிப்பொறியின் ராமிலேயே சில மெகாபைட்டுகளைக் கடன் வாங்கிக்கொள்ளும். விளையாட்டுக்கு அது போதும். சாட்டா வகையில் இந்தக் கடன் வசதி கிடையாது. ஆகவே டிராம் இல்லாத சாட்டாவையும் என்விஎம்இயையும் ஒரே விலைக்குக் கொடுத்தால் என்விஎம்இயே மேல்.

வாங்குமுன் மதர்போர்டின் குறிப்பேட்டைப் பாருங்கள். எம்.2 என்பது துளையின் வடிவத்துக்குப் பெயர், வேகத்துக்கு அன்று. அதே வடிவத்தில் சாட்டாவும் உண்டு, என்விஎம்இயும் உண்டு. சில துளைகள் ஒன்றை மட்டுமே ஏற்கும். நாம் வாங்கும் அளவு பெரும்பாலும் 2280, அஃதாவது 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும். மற்றொன்று: பி450 போர்டு வைத்திருப்பவருக்கும், ரைசன் 5 5500 அல்லது 5600ஜி வைத்திருப்பவருக்கும் மூன்றாம் தலைமுறை வேகமே கிடைக்கும். பெரும்பாலான எச்610 போர்டுகளிலும் அப்படியே. நான்காம் தலைமுறையைச் செருகினாலும் ஓடும். ஆனால் 3,500ல் ஓடும். மலிவாகக் கிடைத்தால் வாங்கலாமே ஒழிய, அதற்கென்று கூடுதல் கொடுப்பது வீண்.

இனிக் கடைத்தெரு. தில்லியில் நாம் போவது நேரு பிளேஸ். நம் இந்தியைக் கேட்டதுமே விலை சற்று ஏறும் என்பது அனுபவம். ஆகவே நான்கு கடை கேட்டுவிட்டு, இணைய அங்காடி விலையையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பில் இல்லாமல் வாங்கினால் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். கணிப்பொறிப் பகுதிகளுக்குச் சரக்கு சேவை வரி 18 விழுக்காடு. அதைத்தான் குறைப்பதாகச் சொல்கிறார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். மூன்றாண்டோ ஐந்தாண்டோ உள்ள உத்தரவாதம் அந்தப் 'பக்கா பில்'லில்தான் இருக்கிறது. பில்லில் சீரியல் எண்ணும் எழுதச் சொல்லுங்கள்.

பெயர் ஒன்றாக இருந்தும் உள்ளே பொருள் மாறுவதும் உண்டு. 2021இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் புளூ எஸ்என்550 வகையில் ஃபிளாஷ் சில்லை மாற்றியது. திண்ணை நிரம்பியபின் எழுதும் வேகம் முன்னிருந்ததைவிட வெகுவாகக் குறைந்தது. செய்தி வெளியானபின் நிறுவனம் மாற்றத்தை ஒப்புக்கொண்டு, இனி இப்படி மாற்றினால் புதிய எண்ணில் விற்போம் என்றது. ஆதலால் பழைய மதிப்புரைகளைப் படித்து முடிவு செய்யாமல், அண்மையில் வாங்கியவர் சொல்வதைக் கேளுங்கள். பெயர்களும் மாறிவருகின்றன. வெஸ்டர்ன் டிஜிட்டலின் ஃபிளாஷ் பிரிவு 2025 பிப்ரவரியில் சான்டிஸ்க் என்ற தனி நிறுவனமாயிற்று. மைக்ரான் தன் குரூசியல் சில்லறை வாணிகத்தை விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. விற்றவற்றுக்கான உத்தரவாதம் தொடரும் என்றும் சொன்னது. கடையில் குரூசியல் கிடைத்தால் பழைய சரக்கு என்று அறிக. செயற்கை அறிவுக் கூடங்கள் சில்லுகளை வாரிக்கொண்டு போனதால் 2025இன் இறுதியில் ராம், எஸ்.எஸ்.டி. இரண்டும் விலையேறின. ஆகவே ஓராண்டுக்கு முந்திய விலையை மனத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்பவர், எப்பொழுது இறங்கும் என்று தெரியாத ஒன்றுக்குக் காத்திருக்கிறார்.

நம்ப முடியாத விலையில் 8 டிபி, 16 டிபி என்று விற்பவை போலிகள். உள்ளே ஒரு சிறு சில்லும், பொய்யான அளவைக் காட்டும் நிரலும் இருக்கும். மேலே மேலே எழுதும்பொழுது முன்னே எழுதியது அழியும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரல் முழுவதும் எழுதிப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும். லினக்ஸ் வைத்திருப்பவருக்கு எஃப்3 உண்டு. பழைய எஸ்.எஸ்.டி. வாங்குவோர் பணம் கொடுக்குமுன் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் போட்டு, இதுவரை எத்தனை டிபி எழுதியிருக்கிறார்கள், எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பார்க்கலாம். புதியது என்று விற்றதில் ஆயிரம் மணி நேரம் காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பொருத்துவது ஐந்து நிமிட வேலை. சாய்வாகச் செருகி, மெல்ல அழுத்தி, முனையில் ஒரு திருகாணி. அந்தச் சிறு திருகாணி மதர்போர்டுப் பெட்டியில் தனிப் பையில் இருக்கும். பெட்டியைத் தூக்கிப் போடுமுன் அதை எடுத்து வையுங்கள். பொருத்தியபின் 'இந்த எஸ்.எஸ்.டி. தெரியவில்லையே' என்று சிலர் ஓடிவருவார்கள். இரண்டாவதாகப் பொருத்திய புது எஸ்.எஸ்.டி.யை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் சென்று தொடங்கி வைத்தால்தான் அது தோன்றும். சிறையிலுள்ள எலெக்ட்ரான்கள் மிக மெதுவாகக் கசியக்கூடியவை. மின்சாரமின்றி ஆண்டுக்கணக்கில் பெட்டியில் கிடக்கும் எஸ்.எஸ்.டி.யை நம்பியிருப்பது நன்றன்று. ஆதலால் ஆய்வேட்டுக்கும் அக்கா திருமணப் படங்களுக்கும் இன்னொரு படி பழைய ஹார்ட் டிஸ்கில் இருக்கட்டும். அதைத் தூக்கி எறிய வேண்டா.